தட்டில் 18 மில்லி எண்ணெய்

மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றிப் பார்த்தபோது 18 மில்லி இருந்தது. மாலையில் 25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய வண்டியின் அடியில், இரவு முழுவதும் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் சேர்ந்த எண்ணெய் அது. எஞ்சினில் இருக்கும் ஏறக்குறைய நான்கு லிட்டரோடு ஒப்பிட்டால் 18 மில்லி பெரிய அளவல்ல என்று சொல்லலாம். ஆனால் அந்த எஞ்சினை நான்கு மாதங்கள் பிரித்துப்போட்டு, போரை, அதாவது சிலிண்டரின் உட்துளையை, 40 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) பெரிதாக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்து, ஒரு பேக்கிங் விடாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி வண்டியில் ஏற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

வண்டி 1970ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2. இங்கிலாந்தில் 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பை வாங்கி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்துகொண்டிருந்த அதே உருவம்தான். உள்ளே இருப்பது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி வரிசை எஞ்சின்: 1489 சிசி, நான்கு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கைப் பந்தய வடிவக் காருக்கும் எங்கள் அப்பா மில்லுக்குப் போய்வந்த இந்த வண்டிக்கும் அடிப்படையில் ஒரே எஞ்சின் என்று சொன்னால் இப்போதும் பலர் நம்புவதில்லை. பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றித் தாராளமாகக் கை நுழைகிறது. கசிவு தேடுபவனுக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது என்றுதான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன்.

முதல் நாளே இரண்டு கசிவுகள் தென்பட்டன. இரண்டும் அன்றே தீர்ந்தன. ஒன்று, வடிகால் போல்ட்டின் செம்பு வாஷர். பழையதையே திருப்பிப் போட்டிருந்தேன். இன்னொன்று ஆயில் ஃபில்டர் கிண்ணம். அதன் தலைப்பகுதியில் உள்ள பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்காரும். பழைய வளையம் ஆண்டுக்கணக்கில் வெந்து கல்லாகிப் பள்ளத்தின் நிறத்திலேயே படிந்து கிடந்ததால், அது வளையம் என்றே தெரியாமல் அதன் மேல் புது வளையத்தை வைத்து இறுக்கியிருந்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறியதும் எண்ணெய் நூலாகப் பீய்ச்சியது. ஊசியால் பழையதைக் கிளறி எடுத்த பிறகு அந்த இடம் இன்றுவரை உலர்ந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட கசிவுகள் நல்லவை. எங்கிருந்து வருகிறோம் என்பதை ஒளிப்பதில்லை.

மூன்றாவது கசிவு ஒளித்தது. சொட்டு விழுந்த இடம் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பு. எஞ்சினை என்னோடு சேர்ந்து பூட்டிய மெக்கானிக் அண்ணன் நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் வேலையே செய்து வருபவர். குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “பின்னால மெயின்ல இருந்துதானுங்க தம்பி வருது. கியர் பாக்ஸை இறக்கிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா இந்த வண்டி சொட்டு விடத்தானுங்க செய்யும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்த இடத்தில் எண்ணெய் சொட்டும் பழைய பி வரிசை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பின் மெயின், அதாவது கிராங்கின் பின்முனையைத் தாங்கும் பேரிங் இருக்கும் இடம்தான்.

இதற்குக் காரணம் அந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்றைய கார்களில் கிராங்கின் பின்முனையில் ஒரு ரப்பர் சீல் அதன் உதட்டால் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு எண்ணெயைத் தடுக்கும். மூன்று பேரிங் கொண்ட பி வரிசையில் அப்படி எதுவும் இல்லை. கிராங்கின் பின்முனையில் திருகு மரை போன்ற ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள்; கிராங்க் சுழலும்போது அந்தப் பள்ளம், இறைச்சி அரைக்கும் எந்திரத்தின் திருகு உருளை இறைச்சியைத் தள்ளுவதுபோல, வெளியேற முயலும் எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளிவிடும். அந்தத் திருகுக்கும் அதைச் சூழ்ந்த பிளாக்கிற்கும் இடையே மெல்லிய இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கும். எஞ்சின் நின்றவுடன் திருகில் எஞ்சியிருக்கும் எண்ணெயைத் தள்ள ஆளில்லாததால் சில சொட்டுகள் வெளியே இறங்கும். ஆகவே அது சீல் என்பதைவிட ஓர் ஏற்பாடு. உள்ளே அழுத்தம் இல்லாதவரை மட்டுமே வேலை செய்யும் ஏற்பாடு. இந்தக் கடைசி வரியை அப்போதே யோசித்திருந்தால் மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும். இதே வரிசை எஞ்சின் கொண்ட எம்ஜிபி காருக்கு 1964இன் இறுதியில் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோது பின்முனைக்கு முறையான சீலும் வந்தது. என் எஞ்சின் அந்தப் பாக்கியம் பெறாத வகை.

கியர் பாக்ஸை இறக்க நான் சம்மதிக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சோம்பல், அது இரண்டு நாள் வேலை, பளுவும் அதிகம். இரண்டாவது என் நோட்டுப் புத்தகம். பிரித்துப் பூட்டும் காலம் முழுவதும் அன்றன்று செய்ததை எழுதிவைத்திருந்தேன். பின் மெயின் மூடியைப் பூட்டுவதற்கு முன் அதன் சேரும் பரப்பில் மெல்லியதாக ஷெல்லாக் பசை தடவியதும், எஞ்சினடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் முன்பின் வளைவுகளில் கார்க் பட்டைகளைச் சற்றே நீளமாக விட்டு அழுத்தி உட்காரவைத்ததும், திருகைச் சுற்றி இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்ததும் அதில் இருந்தன. இவ்வளவும் சரியாக இருந்தால், இரவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் அங்கிருந்து வரலாம். மூன்று தேக்கரண்டிக்கு மேல் வருவதற்கு வேறு காரணம் வேண்டும்.

முதலில் அது எந்த எண்ணெய் என்று தீர்மானித்தேன். கியர் பாக்ஸை இந்த முறை நாங்கள் திறக்கவில்லை. அதிலிருந்த எண்ணெய் பழையது, கறுத்தது. தட்டில் இருந்ததோ தேன் நிறத்தில் இருந்தது. ஆகவே கியர் பாக்ஸ் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விலகியது.

அடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் உறையால் கட்டி, எஞ்சினை மண்ணெண்ணெயும் பெயின்ட் பிரஷ்ஷும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவி, பின்னர் சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு பகல் முழுவதும் வெயிலில் காயவிட்டேன். அழுக்கு எஞ்சினில் கசிவு தேடுவது வீண். புது எண்ணெய் பழைய அழுக்கில் ஊறிப் பரவி, எல்லா இடமும் ஈரம் என்று ஒரு பொய்யைச் சொல்லும். இதுவரை சரி. அதன் பிறகு செய்ததுதான் சரியில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஓட்டிப் பார்த்தால், கசியும் இடத்தில் மட்டும் கறை விழும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆர்வத்தில் அரை டப்பாவைக் கொட்டினேன். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் ஃபேன் காற்று அந்தப் பவுடரைப் பானட்டின் உட்புறம் முழுவதும் அப்பிவிட்டது. எஞ்சினின் இடது பின்பகுதி நனைந்திருந்தது என்பதை மட்டும் அதிலிருந்து அறிய முடிந்தது. மேலிருந்து இறங்கியதா, அங்கேயே தோன்றியதா என்று சொல்ல முடியவில்லை. வண்டி மட்டும் ஒரு வாரம் மல்லிகைப்பூ மணத்தது.

இடது பின்பகுதி என்ற ஒரே துப்பை வைத்துக்கொண்டு எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் ராக்கர் கவரைப் பார்த்தேன். அதை இரண்டே நட்டுகள் பிடித்திருக்கின்றன. அடியில் கார்க் பேக்கிங். பின் மூலையில் பேக்கிங் ஓரிடத்தில் இடம் மாறி உள்ளே சுருண்டிருந்தது. பேக்கிங்கைக் கவரோடு ஷெல்லாக்கால் ஒட்டி, ஹெட்டின் பக்கம் வெறும் கிரீஸ் தடவி, மறுபடி வைத்தேன். மறுநாள் காலை தட்டில் 15 மில்லி. மூன்று மில்லி குறைந்ததைக் கொண்டாடியதாக நோட்டில் எழுதியிருக்கிறது; இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் அம்மா ஒன்று சொன்னார். வாசலில் கோலம் போடுகிறவர் என்பதால் அந்தத் தரையை வீட்டில் யாரையும்விட நன்றாக அறிந்தவர். நான் வெளியே ஓட்டாமல், வாசலிலேயே அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திய நாள்களில் தட்டில் அநேகமாக எதுவும் இருப்பதில்லை என்றார். தேதி வாரியாகப் பார்த்தேன்; உண்மைதான். பின் மெயின் திறந்த வாய் என்றால் நின்று ஓடும்போதும் ஓரளவு சொட்ட வேண்டும். ஓட்டும்போது மட்டுமே கசிகிறது என்றால், எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும் எதிர்க்காற்றோ, வேகத்தில் கூடும் வேறொன்றோ இதில் சேர்ந்திருக்கிறது. எதிர்க்காற்று என்ற பாதியைத்தான் அன்று பிடித்துக்கொண்டேன்.

பவுடர் தோற்ற இடத்தில் ஒளிர் சாயம் வென்றது. எஞ்சின் எண்ணெயில் கலப்பதற்கென்றே சிறு குப்பியில் விற்கிறார்கள்; கலந்து சற்று நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தால் எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். விளக்குக்கு நான் செலவு செய்யவில்லை; மளிகைக் கடையில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருந்த சிறு டார்ச்சை ஓர் இரவுக்கு இரவல் வாங்கினேன். இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, வாசல் விளக்குகளை அணைத்துவிட்டு, பானட்டுக்குள் தலையை நுழைத்தபோது, மூன்று வாரமாகத் தேடியது கண்ணெதிரே கோடு போட்டுக்கொண்டு நின்றது. காற்றும் புகையும் போய்வரும் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் இடது பக்கத்தில், பின்பக்க மூடியின் கீழ்விளிம்பில் ஒளி தொடங்கியது. அங்கிருந்து சாய்வாகப் பின்னோக்கி ஓடி, எஞ்சினின் பின்தகட்டை அடைந்து, தகட்டின் ஓரம் வழியே இறங்கி, பெல் ஹவுசிங்கின் வெளிவிளிம்பில் சுற்றி வந்து, ஆகக் கீழான இடத்தில் சொட்டாக நின்றது.

இந்த மூடியைப் பற்றி ஒரு சொல். இதன் முறையான பெயர் டேப்பட் கவர். கேம் ஷாஃப்ட்டின் மேல் ஏறி இறங்கும் டேப்பட்டுகள் இருக்கும் அறையை மூடுவது. ஆனால் நம் பட்டறைகளில் மேலே இருக்கும் ராக்கர் கவரையே டேப்பட் கவர் என்று சொல்வது வழக்கம். நான் தொலைபேசியில் மெக்கானிக் அண்ணனிடம் “டேப்பட் கவரில் கசிவு” என்று சொல்ல, “அதைத்தான் போன வாரமே மாத்தியாச்சுங்களே” என்று அவர் சொல்ல, ஐந்து நிமிடம் இருவரும் வேறு வேறு உறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எனவே இங்கே பக்க மூடி என்றே எழுதுகிறேன். அப்படி இரண்டு மூடிகள், முன்னும் பின்னுமாக, மேனிஃபோல்டின் நிழலில் மறைந்திருக்கின்றன. ராக்கரிலிருந்து திரும்பி வடியும் எண்ணெய் முழுவதும் புஷ் ராடுகளின் துளைகள் வழியாக அந்த அறைக்குள்தான் கொட்டுகிறது என்பதால், மூடியின் உட்புறம் எப்போதும் நனைந்தே இருக்கும்.

அதே விளக்கில் இன்னொன்றையும் பார்த்தேன். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும், அந்தத் துளையில் தளர்வாகத் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் உண்டு. துளை அழுக்கால் அடைபடாமலிருக்க, வண்டியின் அதிர்வில் அந்தப் பின் ஆடிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். பின் மெயினில் கசியும் எண்ணெய் ஹவுசிங்கின் உட்புறமாக இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பின்னின் நுனியில் ஒரே ஒரு சிறு ஒளிப்புள்ளி இருந்தது. வெளிவிளிம்பிலோ ஓர் ஓடை. கியர் பாக்ஸை இறக்கியிருந்தால் இரண்டு நாள் உழைத்து, குற்றமற்ற ஓர் உறுப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றியிருப்போம்.

மேனிஃபோல்டைக் கழற்றி மூடியை எடுத்தோம். ஒவ்வொரு மூடியையும் நடுவில் ஒரே போல்ட் பிடிக்கிறது. தகடு மெல்லியது, கசிகிறதே என்று யாரேனும் அந்தப் போல்ட்டை இறுக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் வெளியே மலர்ந்துவிடும், கசிவு இன்னும் கூடும், அதைப் பார்த்து இன்னும் இறுக்குவார்கள். ஐம்பது ஆண்டுகளில் இந்த மூடிக்கு எத்தனை முறை இது நடந்ததோ. கண்ணாடிப் பலகை மேல் வைத்தபோது இரண்டு எதிர்மூலைகளில் விரல்நகம் நுழைந்தது. மரக்கட்டை மேல் கவிழ்த்து வைத்து, மரச் சுத்தியலால் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமப்படுத்த அரைப்பகல் ஆனது. கடையில் வாங்கிய கார்க் பேக்கிங் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்து சுருங்கியிருந்ததால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அதன் அளவுக்குத் திரும்பிய பிறகே பயன்படுத்தினோம். போல்ட்டை விரலால் முறுக்க முடிந்தவரை முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் என்று கை கெஞ்சியது, கொடுக்கவில்லை.

மறுநாள் தட்டில் 6 மில்லி. கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான்காம் நாள் 8 மில்லி. ஐந்தாம் நாள் 11. விளக்கை மறுபடி இரவல் வாங்கிப் பார்த்தால், சரிசெய்த பின்பக்க மூடி சுத்தமாக இருந்தது. ஆனால் அதுவரை உலர்ந்திருந்த முன்பக்க மூடியின் ஓரம் மின்னியது. ஆயில் அளவுகோல் நுழையும் துளையைச் சுற்றி வட்டமாக எண்ணெய்த் தெறிப்பு. ராக்கர் கவரின் மறு மூலையில் ஈரம். ஸ்பிளிட் பின்னின் நுனியில் முன்பு புள்ளியாக இருந்தது இப்போது முழுச் சொட்டு. ஓரிடத்தை அடைத்ததும் நான்கு இடங்கள் திறந்துகொண்டன என்றால், நான் ஓட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, எண்ணெயைத் தள்ளுவது எது என்று தேட வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு சிறிதளவு கீழே கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். புது ரிங்குகள் புதிதாக ஹோனிங் செய்த, அதாவது உரசிச் சீராக்கிய, சிலிண்டர் சுவரோடு தேய்ந்து பொருந்தும்வரை, அதாவது முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, இந்த அளவு கூடுதலாகவே இருக்கும். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும்; அம்மா சொன்ன துப்பின் மறுபாதி இதுதான். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். இந்த எஞ்சினுக்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ராக்கர் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் வழியே உள்ளிருக்கும் வாயுவையும் இழுத்துக்கொள்ளும். மற்றொன்று, பக்க மூடிகளில் ஒன்றிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வண்டிக்கடியில் திறந்துகிடக்கும் பிரீதர் குழாய். வழிகள் திறந்திருந்தால் உள்ளே அழுத்தமே இருக்கக் கூடாது.

அழுத்தத்தை அளக்கக் கருவி வேண்டுமே என்று யோசித்தபோது, பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரின் ஞாபகம் வந்தது. சுவர்களுக்கு மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கேட்டு வாங்கினேன். அதன் ஒரு முனையை ரப்பர் அடைப்பான் ஒன்றின் வழியாக ஆயில் அளவுகோல் துளையில் காற்றுப் புகாமல் செருகி, நடுப்பகுதியை ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, தண்ணீரில் கொஞ்சம் குங்குமம் கரைத்துவிட்டேன். வளைவின் இருபுறமும் தண்ணீர் எவ்வளவு உயர வேறுபாட்டில் நிற்கிறதோ அதுவே உள்ளிருக்கும் அழுத்தம். எஞ்சினைக் கிளப்பியதும் தண்ணீர் துள்ளிய துள்ளலில் எதையும் படிக்க முடியவில்லை; துணி உலர்த்தும் கிளிப்பால் குழாயைப் பாதி நெரித்தபின் அடங்கியது. நின்று ஓடும்போது ஓர் அங்குல வேறுபாடு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்ததும் நான்கு அங்குலம். ராக்கர் கவரின் மேலுள்ள எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். புகை குபுக்கென்று வர, இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றன.

நான்கு அங்குலத் தண்ணீர் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பவுண்டு. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் சீல் இல்லாத, திறந்த இடைவெளியை நம்பியிருக்கும் ஓர் எஞ்சினுக்கு அது மிக அதிகம். நான் ஒவ்வொன்றாக அடைத்துவந்த கசிவுகள் ஒவ்வொன்றும் அந்த எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வழி. பின்பக்க மூடியை அவ்வளவு கவனமாகச் சரிசெய்ததால்தான் மற்ற இடங்கள் ஒழுகத் தொடங்கின.

இனித் தேட வேண்டியது இரண்டே இடங்கள். ராக்கர் கவர் வழி அடைபட்டிருந்தது எனக்குத் தெரியும், அடைத்தவன் நானே. பழைய ஏர் கிளீனர் துருவேறிப் போனதால் வேறொன்றை வாங்கிப் பொருத்தினேன். அதில் ரப்பர் குழாயைச் செருகும் மூக்கு இல்லை. கீழே ஒரு பிரீதர் இருக்கிறதே, அது போதும் என்று ராக்கர் கவரின் மூக்குக்கு ரப்பர் தொப்பி போட்டுவிட்டேன். ஆக, எல்லாப் பாரமும் கீழே இருக்கும் அந்த ஒரு குழாயின் மேல்.

வண்டிக்கடியில் படுத்து அந்தக் குழாயின் வாயில் கம்பியை விட்டேன். ஒரு சாண் போனதும் மெத்தென்று எதிலோ முட்டியது. கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து இழுத்தபோது, பச்சை பெயின்ட் படிந்த ஒரு துணிச் சுருணை வந்தது. அது என் பழைய பனியன். பிளாக்கிற்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பெயின்ட் உள்ளே போகாமலிருக்கத் துளைகளையெல்லாம் துணியால் அடைத்திருந்தேன். நோட்டைப் புரட்டினேன்: “ஏழு துளைகளும் அடைத்தாயிற்று” என்று ஒரு வரி. இரண்டு நாள் கழித்து, “அடைப்புத் துணிகளை எடுத்தாயிற்று” என்று இன்னொரு வரி. எத்தனை என்ற எண் அதில் இல்லை.

அன்றே குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். லேத் பட்டறையில் ஒரு பித்தளை மூக்குக் கடைந்து வாங்கி, ஏர் கிளீனரின் பக்கவாட்டில், வடிகட்டித் தாளுக்கு உட்புறமாகத் திறக்கும்படி பொருத்தி, ராக்கர் கவரின் தொப்பியை எடுத்துவிட்டு ரப்பர் குழாயை இணைத்தேன். கொத்தனாரின் குழாயில் மறுபடி பார்த்தபோது, நின்று ஓடும்போது கால் அங்குலம் எதிர்ப்பக்கமாக, அதாவது உள்ளிழுப்பாகவே காட்டியது. வேகத்தை ஏற்றினால் இரண்டு பக்கமும் அநேகமாகச் சமம். முன்பக்க மூடியையும் ராக்கர் கவரையும் நான் தொடவே இல்லை. விளிம்புகளை மட்டும் துடைத்துவிட்டேன். அவை அதன் பிறகு நனையவில்லை.

இப்போது 700 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, முதல் எண்ணெயை மாற்றியாகிவிட்டது. அதே 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் இரவில் தட்டில் விழுவது ஒரு மில்லிக்கும் குறைவு. எல்லாம் ஸ்பிளிட் பின்னின் நுனியிலிருந்து. அது அந்தத் திருகுப் பள்ளத்துக்கு உரியது என்று விட்டுவிட்டேன். டைமிங் கவரின் அடியில் ஃபேன் பெல்ட்டின் பின்னால் ஒரு மெல்லிய ஈரம் தெரிகிறது. பெல்ட் மாற்றும் நாளில் அதைப் பார்க்க வேண்டும். தட்டைச் சமையலறைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள அம்மா மறுத்துவிட்டார்.

மெக்கானிக் அண்ணன் வந்து பலகையில் கட்டியிருந்த குழாயையும் சிவப்புத் தண்ணீரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின் மெயின் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் பட்டறையில் இன்னொரு அம்பாசடர் இரண்டு முறை கியர் பாக்ஸ் இறக்கியும் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம்; “ஒரு நாளைக்கு இதை எடுத்துட்டுப் போறனுங்க தம்பி” என்று பலகையோடு தூக்கிக்கொண்டு போனார். கொத்தனார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.